பிரதர் சுதாகரனின் சாட்சி

டயகமப் பக்கத்துத் தோட்டங்களில் சுதாகரனின் சாட்சியைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. வாரம் ஆறு நாளும் மலையில் கவ்வாத்து வெட்டுகிற மனிதன் அவன். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் சீவி, முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக நிறுத்துகிற வேலை. வேலையில் பேச்சுக் கிடையாது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கிற கங்காணி பெயர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்பான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, சபையில் மைக்கைக் கையில் வாங்கிவிட்டால் அவன் வேறு ஆள்.

சாட்சி எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "நான் ஒரு குடிகாரன்" என்பான். பிறகு பேசமாட்டான். கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். முன்வரிசையில் இருக்கிற பெண்கள் அப்போதே முந்தானையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஏழு வருசத்துக்கு முந்திய ஒரு மழைநாள். கள்ளச் சாராயமான கசிப்பைக் குடித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வருகிறான். அடுப்பில் சோறு கொதிக்கிறது. வெறியில் பானையை எட்டி உதைக்கிறான். கொதிகஞ்சி பறந்துபோய் எட்டு வயது மகள் மேல் கொட்டுகிறது. தோள் முதல் முழங்கை வரைக்கும் வெந்துபோகிறது.

"அந்த வேதனையிலயும் எம் மக என்ன சொன்னா தெரியுமா?" என்று கேட்பான். சபை மூச்சுவிடாது. "அப்பா, இயேசப்பா ஒங்கள மன்னிப்பாருன்னு சொன்னா! அந்த எடத்துலயே நான் முழங்கால் போட்டேன். அன்னிலேருந்து ஒரு சொட்டு தொடல!"

அந்த இடத்தில் கீபோர்டு மெல்ல எழும். மகள் தனுஷிகா எழுந்து வந்து இடது கைச் சட்டையை மேலே சுருட்டுவாள். சுருங்கிப் பளபளக்கிற தோலைப் பார்த்ததும் அழுகைச் சத்தம் தகரத்தைத் தொடும்.

அக்கரப்பத்தனையில் கூப்பிட்டார்கள். பட்டிப்பொலவில் கூப்பிட்டார்கள். டிக்கோயாவிலிருந்து வேன் அனுப்பினார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குகூட ஒருநாள் மலையில் வைத்து, "நீதானா அந்தச் சாட்சிக்காரன்?" என்று நின்று கேட்டார். அப்பனும் பாட்டனும் கண்டாக்கு முன்னால் குனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பதின்மூன்று வயதில் தனுஷிகா மேடைக்கு வர மறுத்தாள். "படிப்பு இருக்கு" என்று சுதாகரன் ஊராருக்குச் சொல்லிக்கொண்டான். இப்போது அவளுக்குப் பதினைந்து.

இப்படியிருக்கும்போதுதான் அட்டனில் இரண்டு நாள் எழுப்புதல் கூட்டம் என்று செய்தி வந்தது. ஆயிரம் பேர் வருவார்கள். பாஸ்டர் பிரதாப் மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிச் சொன்னார்.

"பிரதர், ஒங்க சாட்சிக்கு இருபது நிமிசம் குடுத்திருக்காங்க. தனுஷிகா தங்கச்சியையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பாத்தாத்தானே சனங்களுக்கு வெளங்கும்."

"வருவா பாஸ்டர். நான் கூட்டிட்டு வாறேன்."

"அதுக்கு முந்தி, வாற ஞாயிறு நம்ம சபையில ஒரு ஒப்புக்கொடுத்தல் வச்சிருக்கேன். இந்தக் காலத்து விக்கிரகம் கல்லுலயா இருக்கு? கர்த்தருக்கு முன்னால எத வச்சிருக்கோமோ அதுதான். ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாந்து மேசையில வைக்கணும். நீங்கதான் முடிச்சு வைக்கணும்."

"என்கிட்ட என்ன பாஸ்டர் இருக்கு? குடியத்தான் அப்பவே வச்சிட்டேனே."

இருவரும் சிரித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தனுஷிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையை மாற்றாமல் காம்பராவுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தாய் வினோதா, இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த படங்கை வாசல் இஸ்தோப்புக் கம்பியில் போட்டு, ரொட்டி தட்டினாள். கட்டச் சம்பல் அரைத்தாள். மகள் தட்டைத் தொடவில்லை. சுதாகரன் பீலித் தண்ணீரில் கால் கை கழுவி வந்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது.

"ஏன் புள்ள சாப்பிடல?"

"பசிக்கல."

"காய்ச்சலா?"

"வீடியோ போட்டிருக்காங்க."

சபை வாலிபர்கள் அட்டன் கூட்டத்துக்கு விளம்பரமாக இரண்டு வருசத்துப் பழைய சாட்சியை பேஸ்புக்கில் ஏற்றியிருந்தார்கள். சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிற தனுஷிகாவின் கையைக் கிட்டக் கொண்டுவந்து காட்டுகிற வீடியோ.

"கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தி எந்தக் கைன்னு காட்டச் சொன்னா. இன்னொருத்தி தொட்டுப் பாக்கவான்னு கேட்டா."

"இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு? கர்த்தர் செஞ்ச அற்புதத்துக்கு அது அடையாளம்."

"அற்புதம் ஒங்களுக்குத்தானே நடந்துச்சு. அடையாளம் ஏன் எங் கையில இருக்கு?"

"அப்பாகிட்ட அப்படிப் பேசாத" என்றாள் வினோதா, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

சுதாகரன் மகளுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தான். மேடையில் வருகிற இனிமையான குரலைக் கொண்டுவந்தான்.

"தனு, அட்டனுக்கு ஒரே ஒரு தடவ வந்துடும்மா. அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"எவ்வளவு பேரு தொடப்படுவாங்க தெரியுமா? எட்டு வயசுலயே எவ்வளவு விசுவாசம் ஒனக்கு. அந்த வலியில என்னப் பாத்து, இயேசப்பா மன்னிப்பாருன்னு சொன்னியே..."

"நான் சொல்லல."

"என்ன?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லப்பா. சின்னதுல நீங்க மைக்ல சொல்றப்போ, சொல்லியிருப்பேனோன்னு நானே யோசிப்பேன். சொல்லல. அம்மாகிட்டக் கேளுங்க."

வினோதா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப வேற என்னதான் சொன்ன?"

தனுஷிகா அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"நான் ஒங்களுக்குத் தேத்தண்ணி கொண்டாந்தேன். கோப்பை சரிஞ்சி ஒங்க சாரத்துல கொஞ்சம் ஊத்திருச்சு. அதுக்கு எட்டி ஒதச்சீங்க. பானைய இல்ல, என்னத்தான். நான் போயி அடுப்புல விழுந்தேன். பானை எம் மேல சாஞ்சிருச்சு. 'இனிமே சிந்த மாட்டேன்ப்பா, இனிமே சிந்த மாட்டேன்'னு சொன்னேன். அத மட்டுந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பக்கத்துக் காம்பராவில் அழகம்மாவின் டீவியில் நாடகத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுதாகரன் வினோதாவைப் பார்த்தான்.

"ஏன் இத்தன வருசமா சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் வினோதா. "தெரிஞ்சுக்கிட்டுத்தான் மாத்திச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து. விடாத தூறல். தலையில் கட்டிய உரச்சாக்கையும் தாண்டித் தண்ணீர் முதுகில் இறங்கியது. சுதாகரன் வெட்டிக்கொண்டே போனான். தெரியாமல் சொன்னேனா, தெரிந்து சொன்னேனா? கத்தி ஒவ்வொரு கட்டையிலும் விழும்போது அதே கேள்வி.

முதல் தடவை சொன்னபோது அப்படிச் சொல்லவில்லை. அது நினைவிருந்தது. முதல் தடவை "நான் புள்ளைய..." என்று தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் அழுதுவிட்டான். அக்கரப்பத்தனையில் இரண்டாவது தடவை. "நான் பானைய" என்று வாயில் வந்தது. அது சொல்ல எளிதாக இருந்தது. பிறகு, எங்கிருந்து வந்ததோ, "மன்னிப்பாரு" என்ற சொல்லும் வந்தது. முழுச் சபையும் எழுந்து நின்றது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விட அவனால் முடியவில்லை. நாலைந்து தடவைக்குள் மகளின் சின்னக் குரலிலேயே அது அவன் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்த இரவே முழங்கால் போட்டேன் என்பதும் பொய்தான். அன்று அவன் விழுந்து தூங்கிப்போனான். புள்ளையை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மறுநாள் அழகம்மா சொல்லித்தான் தெரியும். நாலாம் நாள்தான் போய்ப் பார்த்தான். குடி நின்றது இன்னும் நாலு மாதம் கழித்து. நின்றது மெய். கர்த்தர்தான் நிறுத்தினார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமில்லை. மெய்யான ஒன்றுக்கு ஏன் இத்தனை பொய்யைச் சுற்றி வைத்தேன்?

பத்து மணிக்குப் பாதையோர மேட்டில் குந்தி ரொட்டியைப் பிய்த்தார்கள். பக்கத்து நிரை வெட்டுகிற அழகன், போத்தலில் இருந்து சாயத் தண்ணியை ஊற்றிக் கொடுத்தான். அவனும் சபைக்காரன், கலியாணமாகாத இளந்தாரி.

"அண்ணே, அட்டன்ல இருபது நிமிசமாமே!"

"ம்."

"அந்த எடம் இருக்கே, மன்னிப்பாருன்னு தங்கச்சி சொன்னது... எத்தன தடவ கேட்டாலும் எனக்கு ஒடம்பு சிலிர்க்குதுண்ணே. அதக் கேட்டுத்தான் நானே ரட்சிக்கப்பட்டேன்."

சுதாகரன் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். அழகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலை முடிந்து, வெட்டி விழுந்த தேயிலை மிலாறுகளை விறகுக்குக் கட்டித் தோளில் போட்டு வரும்போது, ஓடைக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில் நின்றான். கீழே வாழை மறைவில் இன்னமும் கசிப்பு விற்கிறார்கள். ஏழு வருசத்தில் அந்த இடத்தில் அவன் கால் நின்றதில்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றான். "கர்த்தரே" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. ஜெபிக்கிற வார்த்தைகள் எல்லாம் மேடைக்காகப் பழகிய வார்த்தைகளாக இருந்தன. திரும்பி நடந்தான்.

பிந்தி வந்தவனை இஸ்தோப்பில் பார்த்ததும், வினோதா கிட்ட வந்து விறகை இறக்குகிற சாக்கில் மூக்கை உறிஞ்சினாள். அவனுக்கு விளங்கியது.

"குடிக்கலடி."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இனிமே சாட்சி சொல்ல மாட்டேன் வினோதா."

அவள் பயந்துபோனாள். "என்னங்க பேசுறீங்க? அத விட்டா எதப் பிடிச்சிக்கிட்டு நிப்பீங்க? ஊரெல்லாம் நல்லவன்னு சொல்றதாலதானே நீங்க குடிக்காம இருக்கீங்க. அவ சின்னப் புள்ள, கோவத்துல பேசுறா. ஒரு தடவ வந்து கையக் காட்டிட்டுப் போகட்டும். நான் பேசிக்கிறேன்."

"நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா? ஊர் சொல்றதாலதான்னு?"

வினோதா மிலாறு கட்டை அவிழ்த்தாள்.

"எதாலயோ. எனக்கு நீங்க குடிக்காம இருந்தாப் போதும். அதுக்காக நான் எவ்வளவோ வாய மூடிக்கிட்டிருக்கேன்."

பாஸ்டர் சொன்ன விக்கிரகம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் கும்பிட்டது சாட்சியைத்தான். அதன் முன்னால் ஒவ்வொரு மாதமும் சொந்த மகளின் கையைக் காணிக்கையாக வைத்திருக்கிறான். மனைவியின் வாயையும் வைத்திருக்கிறான். காது மடல்வரை சூடேறியது. யாரும் பார்க்காத இடத்திலும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. பிரசங்க மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை. பாஸ்டர் ஜெபித்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். போன்கள் எட்டோ ஒன்பதோ சேர்ந்தன. அழகம்மா டீவி ரிமோட்டை லஞ்ச் ஷீட்டில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தாள். ஒரு பெண் முகம் வெளுக்கிற கிரீமை வைத்துவிட்டு ஓடினாள். அழகன் மோட்டார் சைக்கிள் சாவியை வைத்தான். வைத்தவன் பாஸ்டரின் காதில், "மத்தியானம் அக்கரப்பத்தனைக்குப் போகணும், பொறகு எடுத்துக்கலாந்தானே?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது. சனங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்டர் கூப்பிட்டார்.

"பிரதர் சுதாகரன் முடிச்சு வைப்பாங்க."

வினோதா தலை குனிந்திருந்தாள். தனுஷிகா வரவில்லை. சுதாகரன் வெறும் கையோடு போய் மைக்கை வாங்கினான்.

"நான் கொண்டாந்தது மேசையில வைக்கிற சாமான் இல்ல" என்றான்.

"ஆமென்" என்றது சபை.

"என்னோட விக்கிரகம்..." என்று நிறுத்தினான். "என்னோட சாட்சிதான்!"

"அல்லேலூயா!" என்று ஒரு குரல் கிளம்பியது. கீபோர்டு தானாக எழுந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். சுதாகரனின் தொண்டையில் பழகிய நடுக்கம் வந்து உட்கார்ந்தது. அடுத்து எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அட்டனில் இது பழையதைவிட நன்றாக எடுபடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அந்த நினைப்பு வந்ததும் அவன் உடம்பு கூசிப்போனது. கீபோர்டுக்காரனைப் பார்த்து, "நிப்பாட்டுங்க தம்பி" என்றான்.

இசை நின்றது. மலையில் பேசுகிற குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"நான் பானைய ஒதைக்கல. புள்ளையத்தான் ஒதச்சேன். மன்னிப்பாருன்னு அவ சொல்லல, நான் கட்டிச் சொன்னது. அன்னிக்கே குடிய விடவும் இல்ல, நாலு மாசம் கழிச்சித்தான் விட்டேன். அட்டனுக்குப் போகல. அவ்வளவுதாங்க."

மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஆமென் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரோ இருமினார்கள். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். பாதிப் பேர் பாடவில்லை.

கூட்டம் கலைந்தபோது அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். எப்போதும் கை கொடுக்கிறவர்கள் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அழகம்மா மட்டும் நின்று, "அந்தப் புள்ளைய அன்னிக்குத் தூக்கிட்டுப் போனவ நான். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அழகன் மேசையிலிருந்து சாவியை எடுத்தான். சுதாகரனைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. அண்ணே என்று கூப்பிடாமலே போய்விட்டான்.

பாஸ்டர் பிரதாப் அவன் பக்கத்தில் வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாமே பிரதர். தனியா ஜெபிச்சிருப்போம்."

"எனக்கே இப்பதான் பாஸ்டர் தெரியும்."

"எத்தன பேரு ஒங்க சாட்சியால தொடப்பட்டிருக்காங்க..."

"அந்த வீடியோவ எடுத்துருங்க பாஸ்டர். இப்பவே. நான் பாத்துட்டுப் போறேன்."

பாஸ்டர் போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தார். தனுஷிகாவின் கை திரையில் நின்றது. அவருக்கும் ஒரு மகள் உண்டு.

"கிட்டக் காட்டுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் மெல்ல. அழித்தார். போனைச் சுதாகரனிடம் காட்டவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வினோதா முன்னால் நடந்தாள். லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் நின்று, திரும்பிப் பார்த்து, "குடிக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"அப்ப சரி" என்றாள். அவள் சொன்ன விதத்தில் கோபம் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

தனுஷிகா இஸ்தோப்பில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வினோதா உள்ளே போனாள். சுதாகரன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மகளைவிடத் தாழ்ந்த இடத்தில்.

"வீடியோவ எடுத்துட்டாங்க."

"எல்லாரும் பாத்தாச்சு."

"ஆமா."

கத்தி கிழங்கைச் சுற்றிப் போனது.

"சபையில என்ன சொன்னீங்க?"

"ஒன்ன ஒதச்சேன்னு சொன்னேன். நீ மன்னிப்பாருன்னு சொல்லலன்னு சொன்னேன்."

"அழுதாங்களா?"

"இல்ல. யாரும் அழல."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"தனு, அன்னிக்கு நீதான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்ட. நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கல. இப்பக் கேக்குறேன்."

பதிலுக்கு அவன் காத்திருந்தான். அவள் இன்னொரு கிழங்கை எடுத்தாள். அதைச் சீவி முடித்துத் தண்ணீரில் போட்டபிறகு பேசினாள்.

"டிக்கோயாவுல நர்ஸ் ஒருத்தங்க சிங்களத்துல கேட்டாங்க, யாரு செஞ்சதுன்னு. நானே கொட்டிக்கிட்டேன்னு சொன்னேன். நாலு தடவ கேட்டாங்க. நாலு தடவையும் அப்படியே சொன்னேன்."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான். ஒங்களப் பொலிஸ்ல புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு."

சுதாகரனால் முகத்தைத் தூக்க முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, வெந்த கையோடு, பாதி தெரிந்த பாஷையில், அவனுக்காக நாலு தடவை பொய் சொல்லியிருக்கிறது. அந்த நாலு நாளும் அவன் எங்கே இருந்தான்?

"இதையும் சாட்சியில சேத்துக்குவீங்களாப்பா?" என்று கேட்டாள் தனுஷிகா. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"மாட்டேன்ம்மா."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்போம்" என்றாள். கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.